வைர ஊசி சொன்னதை நம்பினேன்

நான் சந்தேகக்காரி. யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை, எனக்கே தெரியும். தக்காளி வாங்கினால் கடைக்காரர் கை கூடைக்கு அடியில் போகிறதா என்று பார்ப்பேன். ஆட்டோக்காரர் குறுக்குச் சந்தில் திருப்பினால் ஏன் என்று கேட்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைக்கிற வேலை ஒன்று இருக்கிறது என்பது, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனிக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது. தரப் பரிசோதனை. அதாவது, அடுத்தவர் செய்ததை நம்பாமல் இருப்பது.

கம்பெனியில் செய்வது பல் திருகு. பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் திருகி இறக்கி, அதன் மேல் செயற்கைப் பல்லை மாட்டுவார்களே, அந்த டைட்டானியம் திருகு. இம்ப்ளான்ட் என்பார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வாய்க்குள் போகிற சாமான், பளபளவென்று இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் எலும்பு வளர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பாக இருந்தால் கொஞ்ச நாளில் ஆடும். ரொம்பச் சொரசொரப்பாகிவிட்டால் பள்ளங்களில் கிருமி குடியேறும். அதனால் எங்களுக்கு ஒரு வரம்பு இருந்தது: ஒரு மைக்ரானுக்குக் குறையக் கூடாது, ஒன்றரையைத் தாண்டக் கூடாது. ஒரு தலைமுடியின் தடிமனே அறுபது எழுபது மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைந்து வரும் திருகின் மேல் முதலில் பொடி மணலை வேகமாக வீசி அடிப்பார்கள். அப்புறம் சூடான ஆசிட்டில் கணக்காகச் சில நிமிடம் முக்கி எடுப்பார்கள். சொரசொரப்பைத் தீர்மானிப்பது அந்த ஆசிட்தான். ஆசிட் ரூமைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது தாண்டிய ஒரு அண்ணன். பதினொரு வருடமாக அந்த அறை அவர் கையில் இருந்தது. என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுவார். நானும் 'அண்ணே' என்பேன், ஆனால் ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்திருந்தேன்.

அவர் திருகுகளை அளப்பது என் வேலை. திருகின் மரை ரொம்பச் சின்னது, என் மெஷினின் ஊசி அதில் ஓடாது. அதனால் ஒவ்வொரு பேட்ச் கூடவும் அதே உலோகத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தட்டை வில்லையைப் போடுவோம். திருகு பட்ட மணலும் ஆசிட்டும் அந்த வில்லையும் பட்டிருக்கும், எனவே அது சொல்வது திருகுக்கும் பொருந்தும். அதை நாங்கள் 'சாட்சி' என்றுதான் சொல்வோம். என் மெஷினில் ஒரு வைர ஊசி அந்தச் சாட்சியின் மேல் மெதுவாக ஊர்ந்து, மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து, திரையில் ஒரு எண்ணைக் காட்டும்.

அண்ணன் அனுப்பும் சாட்சிகள் எப்போதும் ஒன்று புள்ளி மூன்றையே காட்டின. வெயில் காலம், மழைக் காலம், திங்கள், சனி, எப்போது அளந்தாலும் அதே ஒன்று புள்ளி மூன்று. மற்றவர்களுக்கு இது சந்தோஷம். எனக்கு உறுத்தியது. மனுஷன் கை இப்படி ஒரே சீராக வருமா? நன்றாக வந்த ஒரு வில்லையை ஒளித்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறாரோ? வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாதம் முழுக்க, அளந்து முடித்த சாட்சிகளின் பின்பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு கீறல் போட்டுவைத்தேன். கீறல் போட்ட வில்லை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். கெட்டிக்காரர், கீறலைக் கண்டுபிடித்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து கம்பெனி திறந்த திங்கட்கிழமையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அன்றைய சாட்சி ஒன்று புள்ளி ஐந்து ஆறு காட்டியது. வரம்பைத் தாண்டிவிட்டது. திரும்ப அளந்தேன். வில்லையைத் திருப்பிவைத்து அளந்தேன். ஒன்று புள்ளி ஐந்து ஐந்து. ஆத்தாடி, மாட்டிக்கிட்டார்யா என்றுதான் முதலில் தோன்றியது. பயமோ வருத்தமோ அப்புறம்தான் வந்தன.

பேட்சை நிறுத்திவைத்துச் சிவப்பு ஒட்டியை ஒட்டிவிட்டு ஆசிட் ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, இன்னைக்கு என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே தங்கச்சி. அதே ஆசிட், அதே நிமிசம்."

"அளவு தாண்டிருச்சு."

"தாண்டிருச்சா? நிறத்தைப் பாருங்க, அதே சாம்பல்தான். கூடுதலா அரிச்சிருந்தா கருக்கும். இது கருக்கவே இல்லையே."

நிறத்தைப் பார்த்து மைக்ரான் சொல்கிறாராம். அம்புட்டுப் படித்துவிட்டு வந்த எனக்கு இவர் கண்ணால் பாடம் நடத்துகிறாரா என்று எரிச்சலாக வந்தது. அறைக்குள் சுற்றிப் பார்த்தேன். அவருடைய ஸ்டூலுக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது, உள்ளே கலங்கலாகத் தண்ணீர். நான் பார்த்ததைப் பார்த்து அதைத் துண்டுக்குள் சுருட்டிவைத்தார். போதாதா எனக்கு?

அன்றிலிருந்து அவர் என்ன செய்தாலும் அதில் ஒரு கள்ளம் தெரிந்தது. ஆசிட் ரூம் கதவைச் சாத்தினார், எதற்குச் சாத்துகிறார்? ஆவி வெளியே வரும் என்று எல்லோருமே அந்தக் கதவைச் சாத்துவோம், நான் உட்பட. அது ஞாபகம் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டபின் வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் பேசுவார். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரா பாஷை. பேச்சில் ஒரு வார்த்தை எனக்குப் புரியாது, நடுவில் என் அறையைக் குறிக்கும் 'லேப்' என்பது மட்டும் தெளிவாக விழும். சொல்லிவிட்டுச் சிரிப்பார். என்னைத்தான் பேசுகிறார், வேறு யாரை? பாஷை புரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பிக்கொள்ளலாம், நான் நிரப்பினேன்.

இரண்டாவது பேட்ச் ஒன்று புள்ளி ஐந்து ஏழு. மூன்றாவது ஒன்று புள்ளி ஐந்து ஆறு. சிவப்பு ஒட்டிய டப்பாக்கள் அலமாரியில் ஏறிக்கொண்டே போயின. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர், அன்று அவர் குரலும் உயர்ந்தது.

"ரெண்டு நிமிசம் குறைச்சு எடுங்கண்ணே. முடிஞ்சு போச்சுல்ல?" என்றார் அவரிடம்.

"குறைக்க மாட்டேன் சார்."

"ஏன்?"

"குறைச்சா இந்த மெசின்ல பாஸ் ஆயிரும். யாரோ ஒருத்தர் வாயில ஆடும். பதினோரு வருசமா எடுக்கிற நிமிசம் சார் அது. ஆசிட் பக்கம் தப்பு இல்லை."

"அப்ப யார் பக்கம் தப்பு?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் மெசினைத் திங்கள்கிழமை திங்கள்கிழமை சரிபாக்குறேன் சார். மாஸ்டர் தகடு வச்சு," என்றேன்.

"இன்னொரு பேட்ச் தாண்டுச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்," என்றார் முதலாளி. ஆசிட் ரூமிலிருந்து அனுப்பப்பட்டவர் என்ற பேர் ஒருமுறை வந்துவிட்டால் கப்பலூரில் இன்னொரு கேட்டுக்குள் நுழைய முடியாது. டீக்கடையில் நின்றால் போதும், பேட்டை முழுக்கச் சேதி போய்விடும். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணன் வெளியே போனதும் நான் அந்தப் பாட்டிலைப் பற்றி முதலாளியிடம் சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். "எதையோ கொண்டுவாரார், எதையோ கலக்குறார்" என்றேன்.

அன்று சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் பையைத் திறக்கச் சொன்னார். ஷிப்ட் முடிந்து வெளியே போகிற எல்லோரும் நின்று பார்த்தார்கள். டிபன் டப்பா, துண்டு, அந்தப் பாட்டில். வாட்ச்மேன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"சமையல் சோடா கரைச்ச தண்ணி. ஆசிட் ஆவி பல்லைத் திங்குது. அதான் அப்பப்ப கொப்பளிக்கிறேன்." உதட்டை விலக்கிக் காட்டினார். முன்பற்கள் தேய்ந்து பாதிதான் இருந்தன. பல்லுக்குத் திருகு செய்கிற கம்பெனி, பல் கரைகிறது என்று வாய் திறந்து சொல்ல வெட்கம், அதனால் ஒளித்திருக்கிறார்.

எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம். என் அம்மா அடுத்தவர் வயலில் அறுப்புக்குப் போன காலத்தில், வரப்பு ஏறும் முன், நெல் ஒளிக்கவில்லை என்று மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். அன்றைக்குக் கேட்டருகே நின்றபோது அது என் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சோடா போட்டால் ஆசிட்டின் வீரியம் குறையும், சொரசொரப்பும் குறைய வேண்டும், இங்கே கூடியல்லவா இருக்கிறது என்ற சின்னக் கணக்குகூட வரவில்லை. 'கதை நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான்காவது பேட்சும் தாண்டியது. அண்ணனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது லேப் வாசலில் நின்று, "வாரேன் மேடம்," என்றார். முதன்முதலாக மேடம். நான் வேலையைப் பார்த்தேன்.

புதிதாகத் திருமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். நல்ல அனுபவசாலி. தாளில் எழுதியிருந்த அதே நிமிடத்தில் ஆசிட்டில் முக்கி எடுத்து அனுப்பினார். ஒன்று புள்ளி ஐந்து ஆறு. ஆள் மாறியும் அளவு மாறவில்லை.

சரியான புத்தி உள்ளவள் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய ஆள் போன் போட்டுப் புது ஆளைக் கலைக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் ஆசிட் சப்ளை செய்பவரைச் சந்தேகப்பட்டேன். மணலைச் சந்தேகப்பட்டேன். டைட்டானியம் கம்பியின் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பெனியில் நான் சந்தேகப்படாத ஒரே பொருள் என் மேஜை மேல் இருந்தது.

தை பிறந்து இரண்டாவது வாரம், வருடா வருடம் அளவுக் கருவிகளைச் சோதிக்க வருகிறவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். தன்னுடைய மாஸ்டரை என் ஊசிக்குக் கீழே வைத்தார். மாஸ்டர் என்பது சீரான நுண்ணிய வரிகள் போட்ட சின்ன உலோகத் தகடு, அதன் அளவு மாறாது. அவருடையது மூன்று மைக்ரான். என் மெஷின் மூன்று புள்ளி ஆறு என்றது. மறுபடி வைத்தார், மறுபடியும் மூன்று புள்ளி ஆறு.

"கூட்டிச் சொல்லுதே மேடம். உங்க மாஸ்டரைக் குடுங்க."

கொடுத்தேன். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

வைத்தேன். நான்தான் வைத்தேன். பூஜையன்று கம்பெனியில் உள்ள எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையுடன் சாமி கும்பிடுவோம். லேப் சாமான்களுக்கு வைப்பது என் பொறுப்பு. மற்றதற்கெல்லாம் பெட்டி மேல் வைத்தேன். சோறு போடுகிற சாமான் இதுதான் என்று மாஸ்டரை மட்டும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அதன் நடு நெற்றியில், என் மோதிர விரலால், சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். திங்கட்கிழமை துணியால் துடைத்தேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. வரிகளுக்குள் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. பள்ளம் தூர்ந்தால் அளவு குறையும். என் மாஸ்டரும் மூன்று மைக்ரான்தான், அன்று இரண்டரை காட்டியது. பூஜைக்குக் கூட்டிப் பெருக்கியபோது யாரோ மெஷினை நகர்த்தியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டி, மூன்று என்று திருத்திப் பொத்தானை அமுக்கினேன். அதிலிருந்து மெஷின் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்று புள்ளி மூன்றை ஒன்று புள்ளி ஐந்து ஆறு என்றது.

"புரட்டாசி ஐப்பசி முடிஞ்சு நான் போற கம்பெனியில பாதிப் பேரு இதைப் பண்ணிருப்பாங்க மேடம். விடுங்க," என்று பிரஷ்ஷையும் ஒரு திரவத்தையும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளைத் துணியில் மஞ்சளும் சிவப்புமாக இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாத்ரூமில் போய் நின்றேன்.

அலமாரியில் இருந்த சிவப்பு ஒட்டி டப்பாக்களின் சாட்சிகளை ஒவ்வொன்றாக மறுபடி அளந்தேன். ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி மூன்று. அவர் நிறத்தைப் பார்த்துச் சொன்னது அத்தனையும் சரி. நிமிடத்தைக் குறைத்திருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும், அதைத் தெரிந்துதான் குறைக்கமாட்டேன் என்றிருக்கிறார்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்குவோம். மெசின் கோளாறுன்னு சொல்லிருங்க. பொட்டு கிட்டுன்னு வெளிய போனா லேப் பேரு நாறிப்போகும்," என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். லேபிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அந்தத் தங்கச்சி? போன்ல எப்பப் பார்த்தாலும் உங்க பேச்சுதான். 'லேப்ல ஒரு பிள்ளை வந்திருக்கு, அது அளந்தா தப்பாது'ம்பார். உள்ள வாங்க."

என்ன நடந்தது என்று அவர் மனைவியிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. என் கால் வாசலைத் தாண்டவில்லை. அண்ணன் உள்ளேயிருந்து வந்தார், என்னைப் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் கோளாறு என்று ஆரம்பிக்கத்தான் வாய் எடுத்தேன், அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், முடியவில்லை. என் கையால் வைத்த பொட்டு என்று சொன்னேன். பையைப் பார்க்கச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, 'அண்ணே, என் மெசினையும் ஒரு தடவை பார்த்துருவமா'ன்னு?"

"தப்புதாண்ணே. மன்னிச்சிருங்க. சார் உங்களை வரச் சொல்றார்."

"வாரேன். ஆனா இப்ப இங்க சொன்னதை கேட்ல வச்சுச் சொல்லணும். எங்க வச்சு என் பையைத் தொறந்தாங்களோ அங்க. அம்புட்டுப் பேரும் இருக்கும்போது."

திங்கட்கிழமை காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டருகே நின்று சொன்னேன். கடைசல் பிரிவு ஆட்கள், பேக்கிங் பெண்கள், வாட்ச்மேன், எல்லோரும் இருந்தார்கள். "அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னோடது. மாஸ்டருக்கு நான் பொட்டு வச்சேன், அதனாலதான் அளவு கூடுச்சு." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பொட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்கு அவரிடம் நான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆசிட் ரூமுக்கு நடந்தார்.

பதினொரு மணிக்கு அன்றைய சாட்சியை அவரே கொண்டுவந்தார். வழக்கமாக டிரேயில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை. நான் மாஸ்டரை எடுத்து முதலில் அதை அளக்கப்போனேன்.

"இருங்க மேடம்," என்றார். "கையைக் காட்டுங்க."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். விரல் விரலாகப் பார்த்தார். அப்புறம் தலையை அசைத்தார், நான் மெஷினைப் போட்டேன். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் வருகிறார். ஒவ்வொரு தடவையும் காட்டுகிறேன்.